ஃபியூஸ் ஏன் போனது?

(ராகலையில் இசைக்குழு இளைஞர்களுக்கும் மின்திருத்த வேலை பழகுகிறவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழுதான வால்வு கிட்டார் அம்ப்ளிஃபயரை எப்படிப் பார்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது மீதி வேலை. முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு புதுப் பாகத்தைப் போட்டால், பழையது போன வழியிலேயே புதியதும் போகும்.

கொழும்பு புறக்கோட்டையில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய நட்டமில்லை. முதலாம் குறுக்குத் தெருவுக்கு நடந்துபோய் இன்னொன்றை வாங்கி வருவார். ராகலையில் இருக்கிற நமக்கு அப்படியில்லை. வால்வு ஒன்று வேண்டுமென்றால் கந்தப்பளை தாண்டி நுவரெலியாவுக்குப் போக வேண்டும்; அங்கே இல்லையென்றால் கொழும்பு பஸ்ஸில் ஏற வேண்டும். போய்வரும் செலவு சாமானின் விலையைத் தாண்டிவிடும். அதனால் நமக்கு யோசித்துப் பார்ப்பதுதான் மலிவு.

ரேடியோ பாஸ் செய்த வேலை

வால்வு அம்ப்பைத் திறந்தாலே சிலர் பயப்படுகிறார்கள், ஏதோ வெளிநாட்டு வித்தை என்று. அதில் இருப்பது நம் ஊர் ரேடியோ பாஸ்மார் ஒருகாலத்தில் செய்த வேலைதான்.

1904இல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் முதல் வால்வைச் செய்தார். 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவது ஒரு கம்பியை நுழைத்தார். அந்தக் கம்பிக்கு கிரிட் என்று பேர். கிரிட்டில் வரும் சின்ன அசைவு, வால்வு வழியாக ஓடும் பெரிய கரண்டை ஆட்டிவைக்கிறது. இன்றைக்கும் கிட்டார் அம்ப்பில் நடப்பது அதுதான். கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் 1925இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது இருந்ததும் வால்வுதான். பெல் ஆய்வுக்கூடத்தில் ட்ரான்சிஸ்டர் வந்தது 1947இல். அது ரேடியோப் பெட்டிக்குள் வந்து சேர இன்னும் பல வருசம் பிடித்தது.

கிட்டார் அம்ப்பைச் செய்தவர்களும் ரேடியோ வேலைக்காரர்கள்தான். லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் பிறந்த முதல் மார்ஷல் அம்ப், ஃபெண்டரின் பேஸ்மேன் அம்ப்பைப் பார்த்துச் செய்தது. வாக்ஸ் ஏசி30இன் கடைசிக் கட்டத்தில் நான்கு ஈஎல்84 வால்வுகள் இருக்கும். அதே ஈஎல்84 ஐரோப்பிய வீட்டு ரேடியோக்களிலும் இருந்தது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய ரேடியோவில் இன்றும் உங்களுக்கு வேண்டிய வால்வு ஒன்று இருக்கலாம். வால்வை எடுங்கள்; அதே ரேடியோவின் கபாசிட்டர்களை மட்டும் எடுக்காதீர்கள். ஐம்பது அறுபது வருசத்துக் கபாசிட்டரை நம்ப முடியாது.

ஐரோப்பிய வால்வின் பேரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. முதல் எழுத்து, அதன் சூடேற்றிக்கு எத்தனை வோல்ட், அல்லது எவ்வளவு கரண்ட் வேண்டுமென்று சொல்லும். ஈ என்றால் 6.3 வோல்ட். டி என்றால் 1.4 வோல்ட், அதாவது பேட்டரி செட். யூ என்றால் எல்லா வால்வின் சூடேற்றியையும் வரிசையாகக் கோத்து 100 மில்லி ஆம்பியர் ஓடவிடுவது. மின்சாரம் எட்டாத வீடுகளில் ஓடியது டி வால்வு செட். சூடேற்றிக்கு ஒரு பேட்டரி, வால்வுக்கு 90 வோல்ட் பேட்டரி இன்னொன்று. 1950இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. தண்ணீர் நம் மலையில் விழுந்தது, வெளிச்சம் கொழும்பில் எரிந்தது, லயத்தில் குப்பி லாம்புதான். அந்தக் காலத்தை அந்த ஒரு எழுத்து இன்னும் வைத்திருக்கிறது.

யூ எழுத்தைப் பற்றி எச்சரிக்கை. பழைய ரேடியோவைக் கிட்டார் அம்ப்பாக மாற்றலாம் என்று இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். யூ வால்வு செட் பலவற்றில் மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரே இருக்காது. சுவரிலிருந்து வரும் ஒரு வயர், பாகங்களைத் தாங்கும் தகட்டில் (சேசிஸில்) நேராக ஏறியிருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் தகடு முழுவதும் 230 வோல்ட். அதில் கிட்டாரை மாட்டினால் கம்பியெல்லாம் 230 வோல்ட். அந்த செட்டை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கிட்டார் மட்டும் வேண்டாம்.

தொடுவதற்கு முன்

1972 மே 3ஆம் திகதி வேல்ஸில் ஸ்வான்சி நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். ஸ்டோன் த க்ரோஸ் என்ற பெயரெடுத்த குழுவைச் சேர்ந்தவர். ஒரு கை கிட்டார் கம்பியில், மற்றக் கை மைக்கில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே இருப்பது நெஞ்சு. திருவிழா மேடையில் மைக்கில் உதடு பட்டால் 'சுரீர்' என்கிறது என்று சிரித்துக்கொண்டு சொல்கிறீர்கள். அது எர்த் இல்லை என்பதன் முதல் அறிகுறி. பாட்டை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

பழைய அமெரிக்க அம்ப்புகளில் இரண்டு கால் பிளக்கோடு, மெயின் வயரிலிருந்து தகட்டுக்கு ஒரு கபாசிட்டரும் இருக்கும். அமெரிக்கத் திருத்துநர்கள் அதற்கு வைத்த பேர் சாவுக் கபாசிட்டர். அதைக் கழற்றிவிட்டு, மூன்று வயர் கேபிள் போட்டு, எர்த் வயரைத் தகட்டில் இறுக்கமாக முடுக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது, பிளக்கைக் கழற்றிய பிறகும் அம்ப்புக்குள் மிச்சமிருக்கும் கரண்ட். வடிகட்டிக் கபாசிட்டர்களில் 450 வோல்ட் வரை தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் நன்றாக உறையிட்ட வயர் பற்றவையுங்கள். ஒரு முனையைத் தகட்டில் கவ்வி, மறு முனையைக் கபாசிட்டரின் நேர் முனையில் வையுங்கள். 100 மைக்ரோஃபாரட் என்றால் ஐந்து விநாடியில் 450 வோல்ட் 3 வோல்ட்டுக்கு வந்துவிடும். நீங்கள் இன்னும் கொஞ்சம் வைத்திருங்கள். பிறகு மீட்டரால் அளந்து பாருங்கள். ஸ்குரூ டிரைவரால் 'டப்' என்று ஷோர்ட் அடிக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்; அதில் கபாசிட்டரும் கெடும், கண்ணிலும் பொறி தெறிக்கும். கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு முனையைத் தகட்டில் கவ்விவிட்டு, ஒரு கையால் மட்டும் அளக்க வேண்டும். மற்றக் கை சட்டைப் பையில். பக்கத்தில் மெயின் ஸ்விட்சை அணைக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு அம்ப்பை ஓடவிடாதீர்கள். ட்ரான்சிஸ்டர் அம்ப் அதைத் தாங்கும். வால்வு அம்ப்பிலோ அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி, உள்ளே சுற்று துளைத்துப்போகும். அந்த அம்ப்பில் விலை கூடிய பாகங்களில் ஒன்று அதுதான்.

சுவரிலிருந்து ஸ்பீக்கர் வரை

தேயிலை கெட்டுப்போனால் டீ மேக்கர் என்ன செய்வார்? வாட்டத்திலா, உருட்டலிலா, புளிப்பிலா, காய்ச்சலிலா எங்கே தவறியது என்று கட்டம் கட்டமாகத்தானே பார்ப்பார். அம்ப்பிலும் அப்படியே: சுவர் பிளக், ஃபியூஸ், மெயின் ட்ரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், வடிகட்டி, பவர் வால்வு, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். முன்கட்டத்துச் சின்ன வால்வுகள் தனிக் கிளை. ஒரு கட்டம் சரியென்று அளந்து தெரிந்த பிறகே அடுத்த கட்டம்.

முதலில் கேளுங்கள். கடைசியாக ஓடியபோது என்ன நடந்தது? இடி இடித்ததா? ஜெனரேட்டரில் ஓடியதா? வேனிலிருந்து விழுந்ததா? சத்தம் மெல்ல மெல்லக் குறைந்ததா, திடீரென்று நின்றதா? கொண்டுவந்தவரின் பதிலில் பாதி விடை இருக்கும்.

பிறகு ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால், பெரிய ஷோர்ட், ஒரே அடியாகப் போயிருக்கிறது. கண்ணாடி சுத்தமாக இருந்து கம்பி மட்டும் நடுவே விட்டிருந்தால், கொஞ்சம் கூடுதலான கரண்ட் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, தேட வேண்டிய இடமும் வேறு. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி ஃபியூஸை மாட்டுகிறவர் இந்தத் தகவலையும் தொலைக்கிறார், ட்ரான்ஸ்ஃபார்மரையும் தொலைக்கிறார். ஃபியூஸ் போனதால் அம்ப் கெடவில்லை. அம்ப் கெட்டதால் ஃபியூஸ் போனது.

இனி சீரிஸ் பல்பு. சுவருக்கும் அம்ப்புக்கும் நடுவே, லைவ் வயரில் ஒரு 100 வாட் பழைய குண்டு பல்பை வரிசையாகக் கோத்துப் பலகையில் பொருத்துவது. எல்இடி பல்பு உதவாது. டங்ஸ்டன் கம்பி உள்ள பல்புதான் வேண்டும். அந்தக் கம்பி குளிர்ந்திருக்கும்போது தடை மிகக் குறைவு. முழுசாக எரியும்போது 529 ஓம். அம்ப்பில் முழு ஷோர்ட் இருந்தாலும் ஓடக்கூடியது 0.43 ஆம்பியர்தான். பல்பு எரியும், வேறெதுவும் எரியாது. குண்டு பல்பு கடைகளில் அருகி வருகிறது. எங்காவது கண்டால் இரண்டை வாங்கி வையுங்கள்.

எல்லா வால்வையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். பல்பு மின்னி அடங்கினால் ட்ரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் நலம். பளிச்சென்று நின்று எரிந்தால், ட்ரான்ஸ்ஃபார்மர், டையோடு, வடிகட்டிக் கபாசிட்டர் இவற்றில் ஒன்று. ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுபக்க வயர்களைக் கழற்றியும் எரிந்தால் குற்றம் ட்ரான்ஸ்ஃபார்மரிலேயே. ரெக்டிஃபயர் வால்வு உள்ள அம்ப் என்றால் அடுத்து அதை மட்டும் மாட்டுங்கள். இப்போது பல்பு எரிந்தால் ரெக்டிஃபயர் வால்வோ வடிகட்டிக் கபாசிட்டரோ. கடைசியாக, ஸ்பீக்கரோடு பவர் வால்வு. இப்போது பல்பு மங்கலாக எரிவது இயல்பு. முழுசாக எரிந்தால் வால்வுக்குள் ஷோர்ட், அல்லது வால்வைக் கட்டுப்படுத்தும் பயஸ் இல்லை. வால்வு ஒன்றுகூட வாங்காமல் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது.

சிவந்த வால்வு

உங்களிடம் வரும் பழுதுகளில் அதிகம் பேசவேண்டியது இதுதான். இரண்டு ஈஎல்34 உள்ள 50 வாட் அம்ப். ஃபியூஸ் மாற்றினால் கொஞ்ச நேரம் பாடுகிறது. பிறகு ஒரு வால்வின் உள்தகடு அடுப்புத் தணல் நிறத்துக்கு வருகிறது. அப்போதே அணைக்க வேண்டும்.

ஏன் சிவக்கிறது? ஈஎல்34இன் தகடு தாங்குவது 25 வாட். தகட்டில் 450 வோல்ட் இருந்து, சும்மா இருக்கும்போது 39 மில்லி ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 17.5 வாட், அது நிம்மதியான அளவு. 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 45 வாட். தகடு சிவக்காமல் என்ன செய்யும்? அந்த ஓட்டத்தை அடக்கி வைப்பது கிரிட்டில் இருக்கும் எதிர் வோல்ட், அதுதான் பயஸ். இப்படிப்பட்ட அம்ப்பில் அது எதிர் 30க்கும் 50க்கும் நடுவே இருக்கும்.

பெரும்பாலானவர்கள் வால்வைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சோடி புது வால்வுக்குப் பணம் தேடுவார்கள். அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை. அணைத்து, ஆறவிட்டு, இரண்டு வால்வையும் இடம் மாற்றி மாட்டுங்கள். சிவப்பு வால்வோடு கூடவே போனால் வால்வு கெட்டது. சிவப்பு பழைய இடத்திலேயே நின்றால் வால்வு நிரபராதி. குற்றம் அந்த சொக்கட்டின் பக்கம்.

இடத்தில் நின்றால் இரண்டு வால்வையும் கழற்றிவிட்டு, சொக்கட்டின் 5ஆம் காலை அளவுங்கள். ஈஎல்34க்கும் 6எல்6க்கும் கிரிட் அதுதான். இரண்டிலும் எதிர் வோல்ட் ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் பயஸ் கொடுக்கும் சின்ன டையோடோ, அதன் சின்னக் கபாசிட்டரோ, திருகு வொலியூமோ போயிருக்கிறது. ஒன்றில் சரியாக இருந்து மற்றதில் குறைந்திருந்தால், முன்கட்டத்திலிருந்து அந்தக் கிரிட்டுக்கு இசையைக் கடத்தும் கபாசிட்டர் ஒழுகுகிறது. முன்கட்டத்து நேர் வோல்ட் அதன் வழியாகக் கசிந்து எதிர் வோல்ட்டைத் தின்கிறது. வால்வோடு ஒப்பிட்டால் அந்தக் கபாசிட்டரின் விலை ஒன்றுமில்லை. அதைப் பார்க்காமல் புது வால்வு போட்டால் புது வால்வும் சிவக்கும்.

ஒரு குறிப்பு: சீரிஸ் பல்பு இருக்கும்போது அம்ப்புக்கு முழு வோல்ட் போகாது. குற்றம் தேட அது போதும். பயஸை அளவாகத் திருகி வைப்பது பல்பை எடுத்த பிறகுதான்.

பவர் வால்வு ஷோர்ட் ஆகியிருந்தால் அதன் ஸ்கிரீனுக்குப் போகும் ரெசிஸ்டரையும் அளவுங்கள். 470 ஓமோ 1 கிலோ ஓமோ இருக்கும். அது கருகித் திறந்துபோயிருந்தால் புது வால்வு போட்டும் சத்தம் வராது, வால்வு கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

காதால் அளப்பது

சத்தம் வருகிறது, ஆனால் 'ம்ம்ம்' என்று இரைகிறது என்றால், கிட்டார்காரர்களே அதை அளக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஆறாம் கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தினால் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அந்தச் சுருதிக்கு ஒட்டி, ஒரு துளி மேலே இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயருக்குப் பின்னால் வருவது. வடிகட்டிக் கபாசிட்டரைச் சந்தேகியுங்கள். அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிட்டாரின் அதே இடத்தில் ஒலித்தால் 50 ஹெர்ட்ஸ். சூடேற்றி வயர், எர்த், கிட்டார் கேபிள் இவற்றைப் பாருங்கள். முன்வால்வைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் அதிலோ அதற்கு முன்னாலோதான் குற்றம், நிற்காவிட்டால் பின்னால்.

கரகர, மணியோசை போன்றவற்றுக்குச் சின்ன வால்வைக் காய்ந்த மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் தட்டு பெரிதாகக் கேட்டால் அந்தச் சின்ன வால்வு, பெரும்பாலும் ஈசிசி83, ஆடிப்போயிருக்கிறது. தட்டாமலே வெடித்துக்கொண்டிருந்தால் அதன் தகட்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

நம் மலையின் பழுதுகள்

புத்தகங்களில் அதிகம் இல்லாத சில காரணங்கள் நமக்கு உண்டு. முதலாவது ஈரம். பனி இறங்கும் மாதங்களில் அம்ப்பின் உள்பலகை ஈரம் குடிக்கும். அதன்மேல் புகையும் தூசியும் படிந்தால் காப்பாக இருக்க வேண்டிய பலகையே மெல்லக் கடத்தத் தொடங்கும். ரெசிஸ்டர் எல்லாம் சரி, ஆனால் வோல்ட் எங்கேயும் சரியாக நிற்கவில்லை என்றால், மீட்டர் முனையை வெறும் பலகையில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் வோல்ட் காட்டினால் பாகம் ஒன்றும் மாற்ற வேண்டாம். அணைத்து, கபாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்டை இறக்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். குளிரில் வேனில் வந்த அம்ப்பை மண்டபத்துச் சூட்டில் உடனே போடாமல், வியர்வை காயும் வரை விட்டுவையுங்கள்.

இரண்டாவது இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் கறுத்தால், ஸ்விட்சை அணைத்தது போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும்.

மூன்றாவது பாசத்தோடு வரும் ஆபத்து. கனடாவிலிருந்து மாமாவோ அண்ணனோ அம்ப் அனுப்புகிறார். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் 230. அப்படியே செருகினால் 6.3 வோல்ட் கேட்கும் சூடேற்றிக்கு 12 வோல்ட். 450 நிற்கும் இடத்தில் 860. முதலில் பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். 230க்கோ 240க்கோ மாற்றும் திருகு இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் அம்ப் இழுக்கும் வாட்டுக்கு மேலான ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் நம் 50இல் அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வால்வு இன்றும் ரஷ்யாவிலும் சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்யப்படுகிறது. கிடைக்காத பொருள் இல்லை, விலைதான் கூடியது. அதனால் அம்ப் நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு வேலை செய்யுங்கள். அளக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, சுவர் வோல்ட், வடிகட்டிக் கபாசிட்டரின் வோல்ட், ஒவ்வொரு பவர் வால்வின் பயஸ், சின்ன வால்வுகளின் தகட்டு வோல்ட், ஃபியூஸின் அளவு, ஸ்பீக்கரின் ஓம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். நல்ல நாளின் கணக்கு கையில் இருந்தால், கெட்ட நாளில் எந்த எண் மாறியது என்று பார்த்தாலே போதும். அடுத்த பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: என்ன போனது, ஏன் போனது. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் அம்ப்பை மேடைக்கு அனுப்பாதீர்கள்.

சீரிஸ் பல்புப் பலகை செய்யத் தேவையான பல்பு, சொக்கட், வயர் முன்மேசையில் இருக்கின்றன. விரும்புகிறவர்கள் இங்கேயே ஒன்று செய்து பார்க்கலாம். கேள்விகளையும் அப்போது கேளுங்கள்.